கடலோரக் கோட்டையைப் பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோரக் கோட்டைக்குப் போகிறவர்களில் பலர் மதில் மேல் ஏறிக் கடலைப் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். கடல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு தூரம் போயும் கோட்டையைப் பார்க்காமலே வந்துவிட்டார்களே என்று எனக்கு மனசு கேட்காது. கோட்டைப் பைத்தியம் என்று தெரிந்த நண்பர்களும் உறவினர்களும் கிளம்பும் முன் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எந்த நாட்டில் எந்தக் கோட்டைக்குப் போனாலும் உதவும்படி பதில் சொல்லப் பார்த்திருக்கிறேன்.

எல்லாக் கோட்டையும் ஒரே மாதிரிதானே இருக்கும்? ஒன்றைப் பார்த்தால் போதாதா?

போதாது. ஒவ்வொரு கோட்டையும் ஒரு தனிப் பயத்துக்காகக் கட்டப்பட்டது. எதிரி யார், எந்தப் பக்கம் வருவான், எந்த ஆயுதத்தோடு வருவான் என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1482இல் போர்த்துகீசியர் இன்றைய கானாவில் எல்மினா கோட்டையைக் கட்டியது, அந்தக் கரையில் கிடைத்த தங்க வியாபாரத்தில் வேறு யாரும் பங்கு கேட்டு வந்துவிடக் கூடாது என்று. 1664இல் சிவாஜி இன்றைய மகாராஷ்டிரத்தின் மால்வண் கடலில் ஒரு தீவின் மேல் சிந்துதுர்க்கத்தைத் தொடங்கியது, ஜஞ்சிரா தீவுக் கோட்டையை ஆண்ட, ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகளுக்கும் ஐரோப்பியக் கப்பல்களுக்கும் எதிராகக் கடலில் தனக்கொரு பிடி வேண்டும் என்று. 1748இல் ஸ்வீடன் இன்றைய பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கு எதிரே உள்ள தீவுகளில் சுவோமென்லின்னா கோட்டையைத் தொடங்கியது ரஷ்யாவுக்குப் பயந்து.

அதனால் நான் யாருக்கும் முதலில் சொல்வது இதுதான். உள்ளே நுழையும்போது "இதைக் கட்டியவர்கள் எதற்குப் பயந்தார்கள்?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு வளைவும் துளையும் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கும்.

போனதும் முதலில் எங்கிருந்து தொடங்குவது?

வெளியிலிருந்து. வாசலைக் கண்டதும் நுழைந்துவிடாதீர்கள். முடிந்தவரை மதிலைச் சுற்றி வெளிப்பக்கமாக நடந்து பாருங்கள். கோட்டை தன் முழு முகத்தையும் காட்டுவது எதிரிக்குத்தான், உள்ளே இருப்பவனுக்கு அதன் முதுகுதான் தெரியும். படகு கிடைத்தால் கண்டிப்பாகக் கடலிலிருந்து ஒரு முறை பாருங்கள்.

படகில் போகும்போது வாசல் எங்கே என்று தேடுங்கள். சிந்துதுர்க்கத்தின் வாசல் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மதில் இரண்டு பக்கமும் முன்னால் வளைந்து வந்து அதை மறைத்துக்கொண்டிருக்கும். முருட் ஜஞ்சிராவிலும் படகு மதிலுக்குப் பக்கத்தில் போன பிறகுதான் வாசல் கண்ணில் படும். வாசல்தான் எந்தக் கோட்டைக்கும் பலவீனமான இடம். தூரத்துக் கப்பலிலிருந்து அதைக் குறிபார்க்க முடியாதபடி ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

உள்ளே நுழையும்போதும் பாதை நேராகப் போகிறதா, உடனே திரும்புகிறதா என்று கவனியுங்கள். அநேகமாகத் திரும்பும். கதவை இடிக்கப் பெரிய மரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவர இடம் கொடுக்கக் கூடாது, கதவே உடைந்தாலும் குண்டு நேராக முற்றத்துக்குள் பாயக் கூடாது. இரண்டும் அந்தத் திருப்பத்தில் அடங்கிவிடுகிறது.

மதில் ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது? ஏன் மூலைகள் அம்பு முனை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கின்றன?

பீரங்கி வந்ததுதான் காரணம். வில்லும் ஏணியும் ஆயுதமாக இருந்த காலத்தில் உயரமான மதில் பாதுகாப்பு. பீரங்கிக் குண்டுக்கு முன்னால் அதே உயரமே ஆபத்து. கீழே அடித்தால் மேலே உள்ளது முழுவதும் சரிந்து, எதிரி ஏறிவரப் படிக்கட்டு போட்டுக் கொடுத்துவிடும். 15ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இத்தாலியக் கட்டுமான வல்லுநர்கள் மதிலைத் தாழ்த்தி அகலப்படுத்தினார்கள். இரண்டு கல் சுவர்களுக்கு நடுவே மண்ணை நிரப்பினார்கள், குண்டின் வேகத்தை மண் வாங்கிக்கொள்ளும். கென்யாவின் மொம்பாசாவில் 1593இல் தொடங்கிய ஜீசஸ் கோட்டையை வடிவமைத்ததும் ஓர் இத்தாலியர்தான், ஜொவான்னி பத்திஸ்தா கைராத்தி. மேலிருந்து பார்த்தால் ஒரு மனிதன் கையை விரித்துப் படுத்திருப்பது போல அதன் வடிவம் இருக்கும்.

அம்பு முனை போல நீட்டிக்கொண்டிருப்பதுதான் கொத்தளம். "கோட்டை கொத்தளம்" என்று சேர்த்துச் சேர்த்துச் சொல்லியே பழகிவிட்டோம், இரண்டாவது சொல்லுக்கு என்ன பொருள் என்று யோசிப்பதில்லை. மூலையில் வட்டமான கோபுரம் இருந்தால் அதன் அடியில், உள்ளேயிருந்து யாரும் சுட முடியாத ஒரு சின்ன இடம் எப்போதும் மிஞ்சும். எதிரி அங்கே வந்து ஒட்டிக்கொண்டால் அவனை ஒன்றும் செய்ய முடியாது. அதைக் கூர்முனையாக நீட்டிவிட்டால் ஒரு கொத்தளத்திலிருந்து பக்கத்துக் கொத்தளத்தின் சுவர் முழுக்கத் தெரியும். ஒவ்வொன்றும் தன்னைக் காத்துக்கொள்வதைவிடப் பக்கத்தில் உள்ளதைக் காப்பதற்காகக் கட்டப்பட்டது. ஒரு கொத்தளத்தின் ஓரத்தில் நின்று அடுத்ததைப் பாருங்கள், நடுவே கண்ணுக்குத் தப்பும் இடம் ஓர் அடிகூட இருக்காது. எனக்கு எந்தக் கோட்டையிலும் மிகப் பிடித்த நிமிடம் அதுதான்.

கடலைப் பார்த்த பக்கம்தானே மிகப் பலமாக இருக்கும்?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பல இடங்களில் உண்மை நேர்மாறு. கடலோரக் கோட்டைகளில் பெயர்பெற்ற சில விழுந்தது நிலத்துப் பக்கமிருந்துதான். கட்டியவர்களில் அனுபவசாலிகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

இலங்கையின் காலி கோட்டையில் போர்த்துகீசியர் நிலத்துப் பக்கம் குறுக்காக மதிலும் மூன்று கொத்தளங்களும் கட்டினார்கள். கடல் பக்கத்தைப் பாறையும் அலையும் பார்த்துக்கொள்ளும் என்று பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். 1640இல் கோட்டையைப் பிடித்த டச்சுக்காரர்கள் பிறகு சுற்றி முழுக்க மதில் எழுப்பினார்கள். இன்றைக்கும் அங்கே போனால் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர் கொண்ட அந்த மூன்று நிலப்பக்கக் கொத்தளங்களின் கனத்தையும் கடல் பக்கச் சுவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பயம் எந்தப் பக்கம் இருந்தது என்று தானாகத் தெரியும்.

எல்மினா கதை இன்னும் கூர்மையானது. கோட்டைக்கு எதிரே ஒரு சின்னக் குன்று. 1637இல் டச்சுக்காரர்கள் அதன் மேல் பீரங்கிகளை இழுத்து ஏற்றிக் கோட்டைக்குள் சுட்டார்கள், கோட்டை பணிந்தது. பிடித்தவர்கள் முதலில் கற்ற பாடமும் அதுவே. தாங்கள் செய்ததை வேறு யாரும் தங்களுக்குச் செய்துவிடாதபடி அதே குன்றின் மேல் இன்னொரு கோட்டை கட்டிக்கொண்டார்கள். கியூபாவின் ஹவானாவிலும் இதேதான் நடந்தது. துறைமுக வாயிலில் நிற்கும் மொர்ரோ கோட்டையை 1762இல் பிரிட்டிஷார் பிடித்தது, பக்கத்து மேட்டைக் கைப்பற்றி நிலத்துப் பக்கச் சுவருக்கு அடியில் வெடி வைத்துத்தான். அடுத்த ஆண்டே நகரம் திரும்பக் கிடைத்ததும் ஸ்பெயின்காரர்கள் செய்த முதல் வேலை, அந்த மேட்டில் லா கபான்யா என்ற பெரிய கோட்டையைக் கட்டத் தொடங்கியதுதான். 1774இல் முடித்தார்கள்.

சுவோமென்லின்னாவில் கடலே நிலமாகிவிட்டது. 1808இல் ரஷ்யப் படை முற்றுகையிட்டபோது பனிக்காலம், சுற்றிலும் கடல் உறைந்து கிடந்தது. உதவிக்கு வரவேண்டிய கப்பல்கள் வர வழியில்லை. மே மாதம் கோட்டை ஒப்படைக்கப்பட்டது.

எனவே மதில் மேல் நின்று கடலைப் பார்த்து முடித்ததும் திரும்பி ஊர்ப் பக்கம் பாருங்கள். பக்கத்தில் மேடு இருக்கிறதா? அதன் மேல் இன்னொரு சின்னக் கோட்டை இருக்கிறதா? இருந்தால் யாரோ ஒரு பாடத்தை விலை கொடுத்துக் கற்றிருக்கிறார்கள்.

உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் முற்றமும் காலி அறைகளும்தான் என்கிறார்களே?

அரியாசனத்தையும் ஆயுதங்களையும் எதிர்பார்த்துப் போனால் அப்படித்தான் தோன்றும். மூன்றைத் தேடிப் பாருங்கள், தண்ணீர், வெடிமருந்து, கழிவுநீர். அடைபட்டுக் கிடந்தவர்களின் உயிர் இந்த மூன்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வெடிமருந்துக் கிடங்கைக் கண்டுபிடிப்பது சுலபம். மிகக் கனமான சுவர், வளைவுக் கூரை, ஜன்னல் கிடையாது. காற்றுப் போக ஓட்டை மட்டும் இருக்கும். அந்த ஓட்டையும் பல இடங்களில் நேராகப் போகாமல் சுவருக்குள்ளேயே வளைந்து போகும், வெளியிலிருந்து தீப்பொறி ஒன்றும் நேராக உள்ளே விழக் கூடாது என்பதற்காக. தரையில் மரப்பலகை, பலகையில் மர முளை அல்லது செம்பு ஆணி. இரும்பு உரசினால் பொறி பறக்கும், ஒரு பொறி போதும்.

கழிவுநீருக்கு இலங்கையின் காலியில் கடலையே வேலைக்கு வைத்தார்கள். கடல் ஏறும்போது உப்புநீர் நிலத்தடி வாய்க்கால்களுக்குள் புகுந்து கழுவிக்கொண்டு போகும்படி டச்சுக்காரர்கள் அமைத்திருந்தார்கள். ஒரு கொத்தளத்தில் இருந்த காற்றாலையும் இதற்கு உதவியது.

சுற்றிலும் உப்புக் கடல். குடிநீருக்கு என்ன செய்தார்கள்?

இரண்டு வழி. ஒன்று, பெய்யும் மழையில் ஒரு சொட்டையும் விடாமல் சேர்ப்பது. மேல்தளத் தரை லேசாகச் சரிந்து மூலையில் ஒரு துளையில் முடிகிறதா என்று பாருங்கள், அதன் அடியில் தொட்டி இருக்கும். புவேர்ட்டோ ரிக்கோவின் சான் கிறிஸ்டோபல் கோட்டையில் முற்றத்துக்கு அடியில் இப்படி ஐந்து பெரிய தொட்டிகள் இருக்கின்றன.

இன்னொன்று கிணறு. சிந்துதுர்க்கத்தில் தூத், தஹி, சாகர் என்று மூன்று நல்ல தண்ணீர்க் கிணறுகள் உண்டு. பால், தயிர், சர்க்கரை என்று பெயர் வைத்ததிலேயே அந்தத் தண்ணீரை எப்படிக் கொண்டாடினார்கள் என்று தெரிகிறது. ஜஞ்சிராவுக்குள் பெரிய நன்னீர்க் குளங்களே இருக்கின்றன. பலர் இதை அதிசயம் என்கிறார்கள், அதிசயம் மண்ணுக்குள் இருக்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட இலேசானது. தீவில் பெய்த மழை நிலத்துக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். ஆழமில்லாத கிணறு வெட்டி, மெதுவாக இறைத்தால் இனிப்பாகக் கிடைக்கும். பேராசைப்பட்டு இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும். முற்றுகையில் தண்ணீர் அளந்து கொடுத்தது சிக்கனத்துக்காக மட்டுமல்ல.

எந்த நேரத்தில் போவது நல்லது? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

காலையில் திறந்ததும், அல்லது மாலை மூடுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால். மதில் மேல் நிழல் என்பதே கிடையாது, அது குண்டு போட மறைப்பில்லாமல் வைத்த இடம். சூரியன் சாய்வாக இருக்கும்போதுதான் கல்லில் உள்ள செதுக்கல், தேய்மானம், குண்டு பட்ட குழி எல்லாம் நிழலோடு எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே தட்டையாக இருக்கும்.

அந்த இரண்டரை மணி நேரமாவது வேண்டும், முடிந்தால் அரை நாள். ஒரே நாளில் இரண்டு கோட்டை என்று திட்டம் போடாதீர்கள்.

கடல் ஏறுவது, வற்றுவது பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமா?

கண்டிப்பாக. இந்தப் பக்கத்தில் வேறு எதைத் தாண்டிப் போனாலும் இதைப் படித்துவிடுங்கள்.

பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். நேற்று இந்த நேரத்தில் நடந்து போனோம், இன்றும் போகலாம் என்பது தப்புக் கணக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் இரண்டுமே அதிகம்.

மணல்திட்டு வழியாகவோ தாழ்ந்த பாதை வழியாகவோ நடந்து போகும் கோட்டையானால், திரும்பி வரவேண்டிய நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் காலடி வைக்க வேண்டும். பிரான்ஸின் மோன் சான் மிஷேல் மதில்களைச் சுற்றிய விரிகுடாவில் கடல்மட்ட வித்தியாசம் 14 மீட்டர் வரை போகும். அங்கே மணலில் வழிகாட்டி இல்லாமல் இறங்கக் கூடாது என்று சொல்வது சும்மா பயமுறுத்த அல்ல.

நேரம் இருந்தால் ஒரே மதிலை ஏற்றத்தில் ஒரு முறையும் வற்றத்தில் ஒரு முறையும் பாருங்கள். வற்றியபோது அடித்தளக் கற்கள், படகு கட்டிய வளையங்கள், கடல் வாசலின் படிகள் எல்லாம் வெளியே வரும். ஏறியபோது அதே சுவர் தண்ணீரிலிருந்து நேராக எழுந்து நிற்கும். கட்டியவன் மனதில் இருந்தது இந்த இரண்டாவது காட்சிதான்.

மழைக்காலத்தில் போகலாமா?

நிலத்தோடு ஒட்டிய கோட்டையென்றால் போகலாம், பாசி படிந்த படிகளில் கவனம் வேண்டும். தீவுக் கோட்டையென்றால் வேண்டாம். கொங்கண் கரையில் ஜஞ்சிராவுக்கும் சிந்துதுர்க்கத்துக்கும் பருவமழை மாதங்களில் படகு ஓடாது. கிளம்பும் முன் படகு உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

மதில் கல் ஏன் தேனடை மாதிரி அரித்திருக்கிறது? குண்டு பட்டதா?

பெரும்பாலும் இல்லை, உப்பு. கடல் காற்றோடு வரும் உப்புநீர் கல்லின் நுண்ணிய துளைகளுக்குள் போகிறது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே படிகமாக வளர்ந்து கல்லின் மணிகளைத் தள்ளி உதிர்க்கிறது. இது தினமும் நடக்கிறது. பழைய சுண்ணாம்புக் காரை கொஞ்சம் நெகிழும், ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் பிற்காலத்தில் சிமெண்ட் பூசிய இடங்களில் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துக் கல் வழியாகப் போய் அந்தக் கல்லைத் தின்றுவிடும். பூச்சு அப்படியே இருக்க, சுற்றியுள்ள கல் உள்வாங்கிப் போயிருப்பதைப் பல கோட்டைகளில் பார்க்கலாம். நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பு இப்படி முடிந்திருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

குண்டு பட்ட குழி ஒழுங்கில்லாமல், தனியாக, கிண்ணம் போல் இருக்கும். சில கல்லில் அதுவும் விழாது. புளோரிடாவின் சான் மார்கோஸ் கோட்டை 1672 முதல் 1695 வரை கட்டப்பட்டது. சிப்பி ஓடுகள் அழுத்தி ஒட்டிப்போன கொக்கினா என்ற மென்மையான கல்லால் ஆனது. 1702லும் 1740லும் முற்றுகையிட்டுச் சுட்டார்கள். கல் நொறுங்கிச் சிதறாமல், குண்டுகள் சுவருக்குள் புதைந்து நின்றுவிட்டன. பஞ்சுபோன்ற கல் பாறையைவிட நன்றாகக் காப்பாற்றியது. இரண்டு முற்றுகையிலும் கோட்டை விழவில்லை.

பீரங்கி மேல் குழந்தைகளை உட்காரவைத்துப் படம் எடுக்கலாமா?

வேண்டாம். உப்புக் காற்றில் இருக்கும் இரும்புக்கு மேலே உள்ள பூச்சுதான் தோல், ஏறி ஏறி அது உரிந்தால் துரு உள்ளே போகும். ஏறுவதற்குப் பதில் குழந்தையோடு குனிந்து பீரங்கியின் மேல் என்ன பொறித்திருக்கிறது என்று படியுங்கள், அது இன்னும் நல்ல விளையாட்டு.

பழைய பிரிட்டிஷ் பீரங்கிகளில் கோடு போட்டு மூன்று எண்கள் இருக்கும். அது எடை. முதல் எண் 112 பவுண்டு கணக்கு, இரண்டாவது 28 பவுண்டு கணக்கு, மூன்றாவது வெறும் பவுண்டு. 20-1-7 என்றிருந்தால் 2,275 பவுண்டு, கிட்டத்தட்ட 1,030 கிலோ. இதை எத்தனை பேர் சேர்ந்து மதில் மேல் ஏற்றியிருப்பார்கள் என்று குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள். மேலே கிரீடமும் எழுத்துகளும் இருந்தால் எந்த அரசருடைய காலத்தில் வார்த்தது என்றும் சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். எல்லோரும் மேல்தளத்துப் பீரங்கியைத்தான் பார்ப்பார்கள், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே மேலே ஒரு வரிசை இருந்தால் இறங்கிப் போங்கள். தாழ்ந்த இடத்திலிருந்து சுட்டால், நாம் ஓட்டுச்சில்லை வீசிக் குளத்தில் தத்திப் போகவிடுவோமே, அதுபோல இரும்புக் குண்டு தண்ணீரில் பட்டுப் பட்டுத் தாவிப் போய்க் கப்பலின் உடலில் அடிக்கும். மரக் கப்பல்களை எரிக்கக் குண்டைச் செக்கச்செவேலென்று காய்ச்சிச் சுட்ட வழக்கமும் உண்டு. 1840களில் கட்டிய அப்படி ஓர் உலை சான் மார்கோஸில் இன்னும் இருக்கிறது.

சுரங்கப்பாதை இருக்கிறது என்று வழிகாட்டி சொன்னார். நம்பலாமா?

வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள், நல்லவர் கிடைத்தால் அந்தப் பணத்துக்குப் பல மடங்கு கிடைக்கும். ஆனால் பல மைல் தள்ளியுள்ள அரண்மனைக்கோ கோயிலுக்கோ போகும் சுரங்கம் என்றால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கடலோரத்தில் நாலு ஆள் ஆழம் தோண்டினால் தண்ணீர் வரும், அதை எப்படிச் சமாளித்தார்கள்?

நிஜச் சுரங்கங்கள் உண்டு, அவை குட்டையானவை. மதிலுக்கு அடியில் வெடி வைக்க எதிரி குடைந்து வருவான் என்று தெரிந்து, அவனுக்கு முன்பே வெளிப்பக்கமாகக் குடைந்து வைத்த வழிகள் அவை. சான் கிறிஸ்டோபலில் அவற்றுள் சிலவற்றுக்குள் நடந்தே போகலாம். தப்பி ஓடும் கதையைவிட இருட்டில் சத்தம் கேட்டுக் காத்திருந்த அந்த வேலைதான் எனக்குத் திகிலாக இருக்கிறது.

சிறையறைகள், அடிமைகளை அடைத்த அறைகள் உள்ள கோட்டைக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

விவரம் தெரிந்த வயதென்றால் கூட்டிப் போங்கள். போவதற்கு முந்தின நாளே என்ன பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியே இருப்பவன் நுழையக் கூடாது என்று கட்டிய சுவர், உள்ளே இருப்பவன் வெளியேறக் கூடாது என்பதற்கும் அப்படியே உதவும். அதனால்தான் சண்டை முடிந்ததும் இத்தனை கோட்டைகள் சிறையாயின. மொம்பாசாவின் ஜீசஸ் கோட்டை 1895 முதல் 1958 வரை சிறை. 1696இல் தொடங்கி 33 மாதம் ஓமானியர் முற்றுகையிட்ட கோட்டை அது. உள்ளே இருந்தவர்களில் மிகப் பலர் குண்டில் சாகவில்லை, நோயில் செத்தார்கள். அதன் பின் அதே சுவர்களுக்குள் வேறு மனிதர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள்.

கானாவின் எல்மினாவும் கேப் கோஸ்ட்டும் இன்னும் கனமான இடங்கள். அட்லாண்டிக்குக்கு அப்பால் விற்பதற்காகப் பிடிக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கப்பல் வரும்வரை இந்தக் கோட்டைகளின் அடித்தள அறைகளில் அடைத்து வைத்தார்கள். வெளிச்சத்துக்கு உயரத்தில் ஒரு சின்ன ஓட்டை மட்டும். கேப் கோஸ்ட்டில் ஆண்களை அடைத்த அறைக்கு நேர் மேலே வழிபாட்டுக் கூடம் இருந்தது. கடலை நோக்கிய கதவைத் திரும்பி வராத வாசல் என்கிறார்கள். 1998இல் அதே கதவின் வெளிப்புறத்தில் திரும்பி வரும் வாசல் என்று பெயர் வைத்தார்கள், அந்த மக்களின் வாரிசுகள் திரும்பி வந்தால் நுழைவதற்காக.

அங்கே போகும்போது நம் பக்கத்தில் நிற்பவர் தன் முன்னோரைத் தேடி வந்தவராக இருக்கலாம். சத்தமாகப் பேசாதீர்கள், அறைகளுக்குள் தற்படம் எடுக்காதீர்கள். வழிகாட்டி விளக்கை அணைத்துச் சில நொடி நிற்கச் சொன்னால் நில்லுங்கள். குழந்தை கேள்வி கேட்டால் சுற்றி வளைக்காமல் உண்மையைச் சொல்லுங்கள்.

கற்களுக்கும் இப்படி ஒரு முன்கதை இருக்கும். திருகோணமலையின் பிரெடரிக் கோட்டையைப் போர்த்துகீசியர் 1624இல் கட்டியபோது, இடிக்கப்பட்ட கோணேசுவரர் கோயிலின் கற்களைப் பயன்படுத்தினார்கள். மதிலில் அலங்காரச் செதுக்கலோடு ஒரு கல் பொருந்தாமல் உட்கார்ந்திருந்தால் நின்று பாருங்கள்.

இவ்வளவு பலமான கோட்டைகள் ஏன் கைவிடப்பட்டன?

இதற்கு ஒரு தேதியே சொல்லலாம், 1862 ஏப்ரல் 10, 11. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் புலாஸ்கி கோட்டை. சுமார் இரண்டரைக் கோடி செங்கல், ஏழரை அடி கனச் சுவர், சுற்றிலும் சேறும் நீரும். பீரங்கி வைக்கக்கூடிய திடமான நிலம் ஒரு மைலுக்கு அப்பால்தான். அந்தக் காலப் பீரங்கிக் கணக்கில் அது எட்டாத தூரம். ஆனால் உள்நாட்டுப் போரில் வடக்குப் படை கொண்டுவந்தது, குழாயின் உட்புறம் சுருள்கோடு வெட்டிய புதுப் பீரங்கிகள். குண்டு சுழன்றுகொண்டே குறி தவறாமல் போய்ச் சுவரைத் துளைத்தது. வெடிமருந்துக் கிடங்குக்கு ஆபத்து வந்ததும் கோட்டை சரணடைந்தது. எல்லாம் 30 மணி நேரத்துக்குள். அதோடு செங்கல், கல் கோட்டைகளின் காலம் முடிந்தது. உடைந்த மூலையைப் பிடித்தவர்களே சீக்கிரம் கட்டிவிட்டார்கள், புதுச் செங்கல்லின் நிறம் வேறாக இருப்பதால் இன்றும் தனியாகத் தெரியும். சில குண்டுகள் சுவரில் அப்படியே இருக்கின்றன.

படம் எடுக்க, ட்ரோன் பறக்கவிடத் தடை உண்டா?

படம் அநேகமாக எங்கும் எடுக்கலாம். ராணுவம் இன்னும் இருக்கும் கோட்டைகளில், உதாரணமாகத் திருகோணமலையில், கேட்டுவிட்டு எடுங்கள். ட்ரோனுக்குப் பல நாடுகளில் முன் அனுமதி வேண்டும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் கீழ் வரும் சான் மார்கோஸ், புலாஸ்கி போன்ற இடங்களில் 2014 முதல் தடை.

முதியவர்களையும் சக்கர நாற்காலியில் வருபவர்களையும் கூட்டிப் போக முடியுமா?

முற்றம் வரை பெரும்பாலும் முடியும், மேல்தளம்தான் சிரமம். ஆனால் பீரங்கிகளை உருட்டி ஏற்றுவதற்காகக் கட்டிய சரிவுப் பாதை பல கோட்டைகளில் உண்டு. படிக்கட்டைப் பார்த்துத் திரும்பிவிடாமல் சரிவு எங்கே என்று கேளுங்கள். கரடுமுரடான கல் பாவியிருந்தால் துணைக்கு ஒருவர் வேண்டும். கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழே இருக்கும் இடங்களில் குழந்தையின் கையை விடவே கூடாது.

என்ன எடுத்துக்கொண்டு போவது?

தண்ணீர், தொப்பி, வழுக்காத செருப்பு அல்லது ஷூ, இருட்டு அறைகளுக்கு ஒரு டார்ச். காற்று பலமாக இருக்கும் என்பதால் குடை உதவாது. அப்புறம் ஒரு தாளும் பென்சிலும். மதிலைச் சுற்றி நடக்கும்போது கோட்டையின் வடிவத்தைத் தோராயமாக வரைந்து, கடல் எங்கே, மேடு எங்கே, வாசல் எங்கே, கிணறு எங்கே என்று குறித்துப் பாருங்கள். படம் அழகாக வரவேண்டும் என்பதில்லை. வரைந்து முடிக்கும்போது நீங்கள் தாக்க வந்தவராக இருந்தால் எந்தப் பக்கம் வந்திருப்பீர்கள் என்று கையே காட்டிவிடும். அந்தப் பக்கம் போய் மதிலைப் பாருங்கள், கட்டியவர்கள் அங்கே என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று.